கட்டுப் பிரித்த பிறகும் சிகிச்சை உண்டு



நம் கடையில் ஒரு சிப்பந்தி மூட்டையோடு விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம். எக்ஸ்ரே, ஊசி, மாவுக்கட்டு, மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் கல்லாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கிறோம். வீட்டுச் செலவுக்கும் ஒரு தொகையைக் கையில் வைத்து, "நல்லா ஆனபிறகு வாப்பா" என்று அனுப்புகிறோம். நம் பகுதி வியாபாரிகள் இந்த விஷயத்தில் ஈரமுள்ளவர்கள்தான். ஆனால் மாவுக்கட்டைப் பிரித்த அன்றோடு பேரேட்டில் அந்தக் கணக்கை முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு வரும் இயன்முறை சிகிச்சையை, அதாவது பிசியோதெரபியை, யாரும் கணக்கில் வைப்பதில்லை. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன் என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

2013-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் வருசநாட்டில் எங்கள் கடை வாசலில் சீனி லோடு இறங்கிக்கொண்டிருந்தது. 50 கிலோ மூட்டை. லாரிக்கும் வாசல் படிக்கும் போட்டிருந்த பலகை நனைந்து வழுக்கியது. எங்களிடம் ஏழு வருடமாக வேலை பார்த்த தம்பி ஒருவர் மூட்டையோடு சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, கையைக் கழுத்தில் தூளி கட்டி மாட்டி அனுப்பினார்கள். செலவை நான்தான் கொடுத்தேன். 6 வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தபோது, சீட்டின் கடைசி வரியில் மூன்று வாரம் பிசியோதெரபி என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. அந்த வரியை நான் படிக்கவில்லை.

அவர் மட்டும் இரண்டு நாள் தேனிக்குப் போய் வந்திருக்கிறார். வருசநாட்டிலிருந்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் என்று பஸ்ஸில் போய் வர ஒரு பகல் பொழுது தீர்ந்துவிடும். சம்பளம் இல்லாத நாளில் பஸ்ஸுக்கும் சிகிச்சைக்கும் காசு வேண்டும். மூன்றாம் நாள் நின்றுவிட்டார். "மொதலாளி ஏற்கெனவே எம்புட்டோ செலவு பண்ணிட்டாரு, இன்னும் எந்த முகத்த வச்சுக்கிட்டுக் கேக்குறது" என்று வீட்டில் சொன்னாராம். இது எனக்குத் தெரிய வந்ததே ஒரு வருடம் கழித்து, அவர் மனைவி சொல்லித்தான்.

நான்காம் மாதம் வேலைக்கு வந்தார். எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரேயில் குறை இல்லை. ஆனால் விரல்கள் மடங்கி உள்ளங்கையைத் தொடவில்லை. கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அடிபட்டது மணிக்கட்டு, முடங்கியது தோள்! இன்றும் எங்கள் கடையில்தான் தராசடியில் நிற்கிறார். மேல் தட்டில் இருக்கும் டப்பாவை இடது கையால்தான் எடுக்கிறார்.

எலும்பு கூடினால் மட்டும் போதுமா?

மணிக்கட்டு முறிந்தவருக்குத் தோள் ஏன் முடங்க வேண்டும் என்று பிற்பாடு ஒரு இயன்முறை மருத்துவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். மூட்டு என்பது கதவுக் கீல் மாதிரி. ஆட ஆடத்தான் ஆடும். மூட்டைச் சுற்றி ஒரு ஜவ்வு உறை இருக்கிறது. வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் அந்த உறை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். தசையும் அப்படியே, வேலை இல்லாவிட்டால் சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். கட்டுப் போட்டிருப்பது மணிக்கட்டுக்கு. ஆனால் தூளியில் தொங்குவது முழுக் கை. வலிக்குமே என்று பயந்து அவர் தோளையும் முழங்கையையும் விரலையும் அசைக்காமலே இருந்துவிட்டார். கட்டு இருக்கும்போதே கட்டுக்கு வெளியே உள்ள விரல், முழங்கை, தோள் மூன்றையும் தினம் பல தடவை அசைக்க வேண்டும் என்பதுதான் முதல் பாடம். மருத்துவர் வேண்டாம் என்று தடுத்திருந்தால் ஒழிய இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

கட்டுப் பிரித்தபின் செய்கிற பயிற்சி ஒன்றும் மந்திரம் இல்லை. குனிந்து நின்று கையை ஊஞ்சல் மாதிரி ஆட விடுவது, சுவரில் விரலால் நடந்து ஒவ்வொரு நாளும் ஒரு அங்குலம் மேலே ஏறுவது, ரப்பர் பந்தை அமுக்குவது, துண்டைப் பிழிவது, மாவு பிசைவது இப்படித்தான். ஆனால் எந்த நாளில் எதை, எவ்வளவு பலத்தோடு செய்வது என்பதில்தான் படிப்பு இருக்கிறது. இதற்கென்றே பட்டப்படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவி விடுகிறவரும் இவரும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். முக்கியமாக, முழங்கையில் அடிபட்டவருக்குப் பலமாக நீவி, முறுக்கி இழுத்தால் தசைக்குள்ளேயே புது எலும்பு வளர்ந்து முழங்கை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளக்கூடும் என்று எலும்பு மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

முதுகுப் பிடிப்பு இன்னொரு ரகம். மூட்டை தூக்கும்போது இடுப்பில் சுளுக்கினால் பதினைந்து நாள் கட்டிலில் படுக்க வைப்பது பழைய வைத்தியம். காலில் மரத்துப்போதல், பலம் குறைதல், சிறுநீர் கட்டுப்படாமை போன்ற ஆபத்தான அறிகுறி இல்லாத சாதாரண முதுகு வலிக்கு நீண்ட படுக்கை ஓய்வு கூடாது, முடிந்தவரை நடமாட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவம். ஆகவே முதுகு வலிக்காரரை வீட்டில் படுக்கப் போட்டுச் சம்பளம் கொடுப்பதைவிட, உட்கார்ந்து செய்யும் லேசான வேலையில் வைத்து, பயிற்சிக்கு நேரம் கொடுப்பது அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலையில் அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு என்பது நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டிலேயே வந்த சட்டம். தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் என்று வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது. ஆனால் அதில் நெடுங்காலம் ஒரு ஓட்டை இருந்தது. கை போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று அட்டவணை இருந்ததே தவிர, வைத்தியச் செலவை முதலாளி கொடுக்க வேண்டும் என்று நேரடியாக இல்லை. 2009-இல் கொண்டுவந்து 2010 ஜனவரி 18 முதல் அமலான திருத்தம்தான் அந்த ஓட்டையை அடைத்தது. வேலையின்போது ஏற்பட்ட காயத்தின் சிகிச்சைக்குத் தொழிலாளி செய்த உண்மையான மருத்துவச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்று அப்போது சேர்த்தார்கள். உச்ச வரம்பு எதுவும் போடவில்லை. அதாவது 2013-இல் என் கடை வாசலில் அவர் விழுந்தபோது இந்தச் சட்டம் அமலில் இருந்தது. அந்த மூன்று வாரச் சிகிச்சை நான் தருமமாகக் கொடுக்க வேண்டியது அல்ல, கொடுத்தே தீர வேண்டிய பாக்கி. எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

இப்போது அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பெயரும் பிரிவு எண்களும் மாறினவே தவிர, நஷ்ட ஈட்டுக் கணக்கும் மருத்துவச் செலவுக் கடமையும் பெரும்பாலும் பழையபடியேதான் இருக்கின்றன. மருத்துவர் எழுதிக் கொடுத்த இயன்முறை சிகிச்சை, காயத்துக்கான சிகிச்சைதான்; அதற்கு ரசீது இருந்தால் அது மருத்துவச் செலவுதான். ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு நியாயம், பயிற்சி பில்லுக்கு வேறு நியாயம் என்று சட்டத்தில் பிரிக்கவில்லை.

"நான் வைத்தியத்துக்கு 40,000 கொடுத்துவிட்டேன், அதை நஷ்ட ஈட்டில் கழித்துக்கொள்ளலாமா?" என்று சங்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். கழிக்க முடியாது. வைத்தியத்துக்குக் கொடுத்தது வேறு கணக்கு, நஷ்ட ஈடு வேறு கணக்கு. அதேபோல, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அந்தத் தாள் செல்லாது. நஷ்ட ஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே செல்லாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அந்தத் தாளை நம்பி நிம்மதியாக இருப்பது வானம் பார்த்த பூமியில் மழையை நம்பிக் கடன் கொடுத்த கதைதான்.

இன்னொரு கேள்வி: "அவனே பார்க்காமல் விழுந்தான், நான் ஏன் கொடுக்க வேண்டும்?" சாதாரணக் கவனக்குறைவு முதலாளியின் பொறுப்பைக் குறைக்காது. குடித்திருந்தார், பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபித்தால்தான் தப்பிக்க வழி. அதுவும் மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் அந்த வழியும் கிடையாது. தினக்கூலி, நேற்றுத்தான் வந்தார் என்ற பேச்சும் எடுபடாது. அவ்வப்போது வந்து போகும் கூலிகளை விலக்கி வைத்திருந்த பழைய வாசகத்தை 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது.

யார் யாருக்கு இது பொருந்தும் என்பதற்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு பட்டியல் உண்டு. கிட்டங்கியிலும் சந்தையிலும் சரக்கைக் கையாள்கிறவர், மோட்டார் வண்டியில் டிரைவர், கிளீனர் வேலை பார்க்கிறவர், மில்லில் வேலை செய்கிறவர் எல்லாம் அதில் வருகிறார்கள். கல்லாவில் உட்கார்ந்து கணக்கு மட்டும் எழுதுகிறவர் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. பத்துக் கடைக்கும் பொதுவாக மூட்டை இறக்குகிற சுமைத் தொழிலாளர் அடிபட்டால் எந்த முதலாளி என்ற சண்டை எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வந்திருந்தாலும், வேலை நம் வியாபாரத்தைச் சேர்ந்ததாக இருந்தால் முதலில் நம்மிடம் கேட்கலாம்; நாம் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ளலாம்.

வீட்டிலிருந்து கடைக்கு வரும் வழியில் விபத்து நடந்தால்? முன்பு இதில் பெரிய குழப்பம் இருந்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி வேலைக்குப் போகும் வழியில் இறந்த வழக்கில், வேலையோடு தொடர்பு நிரூபணமானால் வழியில் நடந்த விபத்தும் வேலை விபத்தே என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. புதிய சட்டத் தொகுப்பிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. அதிகாலையில் கடை திறக்கத் தங்கம்மாள்புரத்திலிருந்தோ குமணன்தொழுவிலிருந்தோ பைக்கில் வருகிற பையன்களை வைத்திருப்பவர்கள் கவனிக்க.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் வியாபாரிகள். கணக்காகச் சொன்னால்தான் மனதில் பதியும். 30 வயது, மாதச் சம்பளம் 12,000 ரூபாய் வாங்கும் ஒரு சிப்பந்தி என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்ச வரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. நம்முடையது அதற்குள் இருக்கிறது.

அவர் குணமாகும் வரை தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் கொடுக்க வேண்டும். அதாவது 3,000 ரூபாய் வீதம் மாதம் 6,000. இடையில் லேசான வேலைக்கு வந்து முழுச் சம்பளமும் வாங்கினால் இந்தத் தொகை கொடுக்க வேண்டியதில்லை.

இனி இயன்முறை சிகிச்சை. தடவைக்கு 300 ரூபாய், 24 தடவை என்று வைத்தால் 7,200 ரூபாய். பஸ்ஸுக்குப் போகவர ஒரு தொகை. எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய்க்குள் முடியலாம். பஸ் காசு மருத்துவச் செலவில் சேருமா என்று வாதம் செய்யலாம்தான். ஆனால் என் கடையில் அந்தச் சிகிச்சை நின்றதே அந்தக் காசு இல்லாமல்தான். ஆகவே வாதம் செய்யாமல் கொடுத்துவிடுங்கள்.

சிகிச்சை செய்யாமல் விட்டு, கை நிரந்தரமாக முடங்கி, சம்பாதிக்கும் சக்தியில் 20 சதவீதம் போய்விட்டது என்று மருத்துவர் சான்று கொடுத்தால் என்ன ஆகும்? சம்பளத்தில் 60 சதவீதம் 7,200. 30 வயதுக்கு அட்டவணையில் உள்ள காரணி 207.98. இரண்டையும் பெருக்கினால் 14,97,456. அதில் 20 சதவீதம் 2,99,491 ரூபாய். பாக்கி விழுந்த ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாமல் தாமதம் செய்தால் அசலில் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். 10,000 எங்கே, மூன்று லட்சம் எங்கே!

இந்த 20 சதவீதத்தையும் கையை அளந்து மட்டும் முடிவு செய்வதில்லை. அவர் பார்த்த வேலையை வைத்துப் பார்ப்பார்கள். ஒரிசாவில் சினிமாத் தியேட்டரில் வேலை செய்யும்போது 1968-இல் விழுந்து இடது கையை இழந்த ஒரு தச்சர் வழக்கில், அட்டவணைப்படி ஒரு கை போனதற்கு உரிய சதவீதம்தான் என்று முதலாளி வாதாடினார். தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது, ஆகவே அவருக்கு 100 சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் கூறிவிட்டது. நஷ்ட ஈட்டுப் பாக்கி விபத்து நடந்த அன்றே விழுந்துவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பில் வந்ததுதான். மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் போவது தச்சருக்குக் கை போவது மாதிரி.

தொழிலாளி பக்கத்திலும் கடமை உண்டு. முதலாளி இலவசமாக ஏற்பாடு செய்த தகுதியுள்ள மருத்துவரிடம் காட்டிக்கொள்ள நியாயமில்லாமல் மறுத்தாலோ, அவர் சொன்னதை வேண்டுமென்றே உதறித் தள்ளியதால் காயம் முற்றினாலோ, ஒழுங்காகச் சிகிச்சை எடுத்திருந்தால் எவ்வளவு பாதிப்பு இருந்திருக்குமோ அந்த அளவுக்குத்தான் நஷ்ட ஈடு கணக்கிடப்படும். ஆனால் இந்த வாதத்தை எடுக்க நமக்கு வாய் வேண்டுமென்றால், சிகிச்சையை நாம் உண்மையிலேயே ஏற்பாடு செய்து கொடுத்திருக்க வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை.

காசு எங்கிருந்து வரும்?

10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடையாக இருந்தால் இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் அதில் வருவார்கள். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறோம். அடிபட்டால் அறுவை சிகிச்சை முதல் இயன்முறை சிகிச்சை வரை இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும், மதுரையில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது. வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இ.எஸ்.ஐ. இருந்தால் நம்மிடம் தனியாக நஷ்ட ஈடு கேட்க முடியாது. 10 பேருக்குக் குறைந்த கடைகளும், முதலாளியும் பெரும்பான்மைச் சிப்பந்திகளும் ஒத்துக்கொண்டால் தாமாகச் சேரலாம் என்று புதிய சட்டத் தொகுப்பில் வழி வைத்திருக்கிறார்கள். இதைச் சங்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயமாக நான் நினைக்கிறேன்.

இ.எஸ்.ஐ. இல்லாத கடைகளுக்குப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுப் பாலிசி இருக்கிறது. எங்கள் தெருவில் பலர் இதை எடுத்திருக்கிறார்கள், ஆனால் பாலிசியைப் படித்தவர் குறைவு. சாதாரணப் பாலிசி நஷ்ட ஈட்டை மட்டும் ஏற்கும். மருத்துவச் செலவுக்கு என்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டி அந்த இணைப்பைச் சேர்த்தால்தான் ஆஸ்பத்திரி பில்லும் பிசியோதெரபி பில்லும் கிடைக்கும். அதற்கும் ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கும். ஏஜெண்டிடம் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். ஐந்து பேர் வேலை செய்யும் கடையில் மூன்று பேரைக் காட்டுவதும், 12,000 சம்பளத்தை 6,000 என்று எழுதுவதும் பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடித்து லட்சத்தில் விடுகிற வேலை. நாம் தாமதம் செய்ததால் விழுகிற அபராதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி தலையில் கட்ட முடியாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது நம் பையிலிருந்துதான்.

வருசநாட்டில் எங்கே போவது?

சிகிச்சை பாதியில் நிற்பதற்கு நம் பகுதியில் பெரிய காரணம் தூரம்தான். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில், அதாவது நம் ரோடு மதுரை ரோட்டில் போய்ச் சேரும் கண்டமனூர் விலக்கிலேயே இருக்கிறது. பஸ் மாற வேண்டியதில்லை, இறங்கினால் ஆஸ்பத்திரி. ஆனால் கடமலை-மயிலை ஒன்றியத்தின் மேற்குக் கோடியிலுள்ள மலையடிவார ஊர்க்காரர்களுக்குத் தினமும் போய் வர முடியாது. அவர்கள் இயன்முறை மருத்துவரிடம் வாரம் இரண்டு நாள் காட்டி, மற்ற நாளில் வீட்டிலேயே செய்யும் பயிற்சியைத் தாளில் படம் போட்டு எழுதி வாங்கிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்த வழி.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு, வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. நம்மில் பலர் இதை மாத்திரைத் திட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேட்டால், வீட்டுக்கு வருவார்களா, நிலையத்துக்கு வரச் சொல்வார்களா என்று தெரிந்துவிடும். அரசு சிகிச்சை இலவசம் என்பதால் முதலாளியின் மற்றக் கடமை தீர்ந்துவிடாது. அரை மாதத் தொகை கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதான்.

மலேசியாவில் நம் ஆட்கள் தோட்டத்திலும் கடையிலும் எத்தனையோ பேர். அங்கே சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம், அடிபட்டவரைத் திரும்ப வேலைக்குக் கொண்டு வருவதற்கென்றே 2007-இல் ஒரு திட்டம் தொடங்கி, 2014-இல் மலாக்காவில் பெரிய புனர்வாழ்வு மையமே கட்டியது. பணத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதைவிடக் கையைச் சரிசெய்து வேலைக்கு அனுப்புவது மலிவு என்று அங்கே ஒரு நிறுவனமே கணக்குப் போட்டிருக்கிறது.

கடையில் ஒரு கவர்

எங்கள் கடையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். யாருக்கு அடிபட்டாலும் அவர் பெயரில் ஒரு பழுப்புக் கவர். அதில் விபத்து நடந்த நாள், நேரம், இடம், பார்த்தவர் பெயர் எழுதிய ஒரு தாள். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல். இயன்முறை சிகிச்சை எத்தனை நாள் என்று மருத்துவர் கைப்பட எழுதியது. ஒவ்வொரு தடவைக்கும் ரசீது. பயிற்சிக்குப் போன நாட்களின் குறிப்பு. ஆரம்பத்திலும் முடிவிலும் கை எவ்வளவு தூரம் எழும்புகிறது என்று அளந்து எழுதிய சீட்டு. கடைசியில் சொன்ன இந்த அளவுச் சீட்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஊனம் எத்தனை சதவீதம் என்ற தகராறு வந்தால் இரண்டு பக்கத்துக்கும் அதுதான் சாட்சி. பணத்தைக் கையில் கொடுத்தாலும், கூகுள் பே மூலம் அனுப்பினாலும், எதற்கு என்று எழுதி வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். தொழிலாளி நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட 2 வருடம் அவகாசம் உண்டு என்பதால் கவரை அதற்கு முன்னால் தூக்கிப்போட வேண்டாம்.

எடையையும் குறைத்திருக்கிறோம் என்று சொல்ல ஆசை. உண்மையில் குறைத்தது வரிதான். 2022 ஜூலை 18-இல் 25 கிலோ வரையுள்ள அரிசிச் சிப்பத்துக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பம் சந்தையில் பெருகிவிட்டது. சீனி மட்டும் இன்னும் 50 கிலோ மூட்டைதான். ஒரு ஆள் தூக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்திருக்கிறது. மழை நாளில் நனைந்த பலகையில் 50 கிலோவும் அதிகம்தான். இப்போது பலகையில் கோணிச் சாக்கு ஆணியடித்து வைத்திருக்கிறோம்.

சென்ற வருடம் கடையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இலவம் பஞ்சுப் பொதி ஏற்றும்போது சறுக்கி விழுந்து அதே மாதிரி மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். கட்டு இருக்கும்போதே, தராசடியில் நிற்கும் நம் பழைய தம்பி அவனைச் சும்மா விடவில்லை. மணிக்கு ஒரு தடவை, "டேய், கையத் தூக்குடா, விரல மடக்குடா" என்று ஒரே சத்தம். கட்டுப் பிரித்த அன்று சீட்டை முதலில் வாங்கிக் கடைசி வரியைப் பார்த்ததும் அவர்தான். பஸ் காசை நான் எடுத்து வைப்பதற்கு முன்பே, "அண்ணே, இவனுக்கு 18 தடவ எழுதியிருக்கு" என்று கல்லாவில் சீட்டை வைத்தார். பையன் 16 தடவை போனான். கை முழுதாக எழும்புகிறது. மீதி இரண்டு தடவைக்கு ஏன் போகவில்லை என்று அவர் இன்னும் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.